ஒரே தராசு வேண்டும்!

மயிலை, அற்புதங்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். பாம்பு தீண்டி மாண்ட பூம்பாவையின் எலும்பைப் பதிகம் பாடிப் பெண்ணாக்கினார் சம்பந்தர் என்று கபாலீசுவரர் கோயிலிலே விழா எடுக்கின்றனர். யானைகளும் அசைக்கவொண்ணா மரத்தைத் தம் இடைக்கச்சையால் இழுத்தார் தோமையார் என்று சாந்தோம் கடற்கரையிலே கதை சொல்கின்றனர். முன்னதைக் கேட்டு நகைக்கும் நம் தோழர் சிலர், பின்னதைக் கேட்டதும் வாய் மூடி நிற்கின்றனர். "சிறுபான்மையினர் மனம் புண்படுமே!" என்கின்றனர்.

நல்லெண்ணந்தான், ஆனால் நேர்மையன்று. மனிதரைக் காப்பது வேறு, கதையைக் காப்பது வேறு. சிறுபான்மையினர்மீது கை ஓங்குவோனைத் தடுக்க முதலில் நிற்போர் நாமே. அதே நாம், அவர்தம் அற்புதங்களையும் எடையிட்டே தீருவோம். தெருவுக்கொரு தராசு வைத்திருப்பவன் வணிகனல்லன், வஞ்சகன்!

பழங்கதை கிடக்கட்டும். இன்று எடையிட வேண்டியவை எழுப்புதல் கூட்டங்களின் சாட்சிகள். வங்கி ஊழியராயிருந்து, "இயேசு அழைக்கிறார்" ஊழியத்தை நிறுவியவர் டி.ஜி.எஸ். தினகரன். அடையாற்றை அடுத்த கிரீன்வேஸ் சாலையிலே அவரது ஜெபகோபுரம். அவர் கூட்டங்களுக்கு மக்கள் கடலெனத் திரண்டனர். நோய் நீங்கிற்றென்று மேடையேறிச் சாட்சி பகர்ந்தனர். அவரைப் பொய்யரென நாம் கூறவில்லை. 2008 பிப்ரவரி 20-இல், 72-ஆம் வயதில், சென்னை மருத்துவமனை ஒன்றிலே அவர் மறைந்தார். ஏளனத்துக்காக இதைச் சொல்லவில்லை. நோயுற்றார், மருத்துவரை நாடினார், அறிவுடைய செயல். அவர்முன் அமர்ந்த ஏழையும் அதையே செய்யட்டும் என்கிறோம்!

சாட்சி சொல்வோர் எல்லாம் பொய்யரா? அல்லர். அங்கேதான் சிக்கல். நாம் பாடம் நடத்தும் வகுப்பிலே ஒரு மாணவன். அவன் தாய்க்குக் காசநோய். ஆறு திங்கள் மாத்திரை உண்ண வேண்டியவர். இரண்டாம் திங்களில் இருமல் நின்றது. கூட்டமொன்றிலே, "கர்த்தர் சுகமாக்கினார்" என்று மனமாரச் சாட்சி சொன்னார், மாத்திரையை நிறுத்தினார். இருமலை நிறுத்தியது மருந்து. புகழைப் பெற்றது மேடை. திரும்பி வந்தது நோய்! அவர் திரும்பப் படுத்த கதையைச் சொல்ல எந்த மேடையும் அழைக்கவில்லை.

ஆகவே மூன்று கேள்விகள். நோய் இன்னதென்று முன்பே உறுதி செய்த மருத்துவர் யார்? உடன் நடந்த சிகிச்சை என்ன? ஓராண்டு கழித்து அவர் நிலை என்ன?

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் நோலன் இவ்வாறே கேட்டார். கேத்ரின் குல்மன் அம்மையாரின் கூட்டத்தில் குணமடைந்ததாகச் சொன்னோரை வீடு தேடிச் சென்று விசாரித்து, 1974-இல் நூலாக்கினார். உறுப்புநோய் நீங்கியவர் ஒருவரையும் அவர் காணவில்லை. முதுகெலும்பிலே புற்றுநோய் பரவிய பெண்ணொருத்தி, கட்டைக் கழற்றி மேடையில் ஓடிக் காட்டினாள். மறுநாளே எலும்பு நொறுங்கியது. நான்கு திங்களில் மாண்டாள்.

2006-இல் வெளியான ஆய்விலே இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரைக் கணக்கிட்டனர். அறியாமலே பிறரால் செபிக்கப்பட்டோரில் 52 விழுக்காட்டினருக்கும், செபிக்கப்படாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல் நேர்ந்தது. தமக்காகச் செபம் நடப்பதை அறிந்தோரில் 59!

ஏழை ஏன் திடலுக்கு ஓடுகிறான்? மருத்துவச் செலவு அவனை மிரட்டுகிறது. கூட்டமோ கட்டணம் கேட்காமல் கட்டியணைக்கிறது. அவனை எள்ளுவோன் பகுத்தறிவாளனல்லன். நம் கேள்வி மேடையை நோக்கியே பாயட்டும்.

கிறிஸ்தவத் தோழர்க்கும் ஒரு சொல். பிரசவத்திலே பெண்கள் மாண்ட கொடுமை கண்டு நெஞ்சு பதைத்த ஐடா ஸ்கடர், செபத்தோடு நிற்கவில்லை; மருத்துவம் பயின்று வந்து 1900-இல் வேலூரிலே ஒரே படுக்கையோடு தொண்டு தொடங்கினார். இன்று அது மாபெரும் மருத்துவமனை. மயிலையிலேயே உங்கள் திருச்சபையின் கல்யாணி மருத்துவமனை நிற்கிறது. அங்கே நோயாளிக்குப் பதிவேடு உண்டு. பிழைத்தவரும் அதில் உண்டு, மாண்டவரும் உண்டு.

அந்தப் பதிவேட்டை மேடைக்கும் கொண்டு வாருங்கள்! எடையிடுவோம்.