விரைசொல்: விமானத்துள் ஒளியும் மொழியும்

விமானம் புறப்படுமுன் நடைவழியில் நின்று பணியாளர் ஒருவர் இரு கைகளையும் நீட்டி வாயில்களைச் சுட்டுவார். ஒலிபெருக்கியில் இந்தியும் ஆங்கிலமும் அடுத்தடுத்து ஒலிக்கும். அவ்வறிவிப்பைப் பயணிகளுள் பலர் கேட்பதில்லை என்பது ஒரு குறை. கேட்க விரும்பினும் விளங்கிக்கொள்ள இயலாதோர் பலர் என்பது மற்றொரு குறை. முன்னது பயணியின் குறை. பின்னது பயணியின் குறையன்று. அப்பின்னதைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

ஆபத்துக்காலத்தில் கண்ணுக்கு வழிகாட்டும் ஏற்பாடு எத்துணை நுட்பமாக எண்ணிச் செய்யப்பட்டுள்ளது என்பதை முதலில் நோக்குவோம். 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் 797ஆம் எண் விமானத்தில் நடுவானிலேயே தீப்பற்றியது. விமானி அதனை அமெரிக்காவின் சின்சினாட்டி விமான நிலையத்தில் தரையிறக்கிவிட்டார். ஆயினும் உள்ளிருந்த 46 பேரில் 23 பேர் மாண்டனர். கரும்புகை கூரையிலிருந்து கீழ்நோக்கி நிறைந்து வருகையில், தலைக்கு மேலுள்ள விளக்கு எத்துணைப் பெரிதாயினும் பயனில்லை. அடுத்த ஆண்டே, 1984இல், தரையை ஒட்டி வழிகாட்டும் ஒளி விமானங்களில் அமைய வேண்டும் என்று அமெரிக்கா விதி வகுத்தது. தரையிலிருந்து நான்கடிக்கு மேலுள்ள ஒளி அனைத்தும் புகையில் மறைந்துபோனாலும், குனிந்தோ தவழ்ந்தோ செல்பவர் வாயிலை அடைய வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். நடைவழியின் ஓரத்தில் நாம் மிதித்துச் செல்லும் அந்த மெல்லிய ஒளிக்கோட்டின் வரலாறு இதுதான்.

இன்னும் உண்டு. விமானத்தின் மின்சாரம் அற்றுப்போனாலும், ஆபத்துக்கால விளக்குகள் தம் சொந்த மின்கலத்தால் குறைந்தது 10 நிமிடம் எரிய வேண்டும். புதிய பெரிய விமான வகையொன்று ஒப்புதல் பெற வேண்டுமாயின், பாதி வாயில்களை மட்டுமே பயன்படுத்தி, இருளில், 90 நொடிக்குள் அனைவரும் வெளியேற இயலும் என மெய்ப்பிக்க வேண்டும். இரவில் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்விளக்குகளைத் தணிப்பது நாம் உறங்குவதற்கன்று. திடீரென இருள் சூழ்ந்தால் கண் அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும் என்பதற்காக.

வாயிலைக் காட்டும் பலகையும் மாறிவருகிறது. 'எக்ஸிட்' என்னும் ஆங்கில எழுத்துகள் நின்ற இடத்தில், போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் கதவை நோக்கி ஓடும் பச்சை மனிதன் வந்துவிட்டான். ஜப்பானியரான யுகியோ ஓட்டா செப்பமுற வரைந்த வடிவம் அது. 1980களில் உலகத் தரக்குறியாக ஏற்கப்பட்டது. ஓட எழுத்தறிவு வேண்டா என்பதை உணர்ந்தவர் செய்த வேலை. ஆக, ஒளி மொழியைக் கடந்துவிட்டது. ஒலி கடக்கவில்லை, கடக்கவும் இயலாது. ஆகவே அது கேட்பவரின் மொழிக்கு வந்தாக வேண்டும்.

குரலுக்கு அத்துணை முதன்மை உண்டோ எனின், உண்டு. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடலோரக் காவற்படை விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. காவற்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். பயணியர் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர். அவ்வேளையில் அவ்விமானத்தின் உள் ஒலிபெருக்கி செயலிழந்துவிட்டது. பணியாளர் கைஒலிபெருக்கியாலும் தம் தொண்டையாலும் கூவியே அத்தனை பேரையும் நடத்திச் சென்றனர். எல்லாக் கருவிகளும் ஓய்ந்த பின் எஞ்சுவது மனிதக் குரல். அக்குரல் ஏதேனும் ஒரு மொழியில்தானே எழும்?

2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாய் ஓடுபாதையில் உடல் உரசித் தீப்பற்றியதும் நினைவிருக்கலாம். உள்ளிருந்த 300 பேரும் தப்பினர். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் துறந்தார். அன்று உள்ளே எடுக்கப்பட்ட காணொளியில், பணியாளர் ஆங்கிலத்தில் கூவ, பயணிகள் மலையாளத்தில் ஒருவரையொருவர் அழைத்தவாறு மேற்பேழைகளிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்தனர். மொழி விளங்காமையே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோரும் இதே தவற்றைச் செய்வதுண்டு. ஆனால் அச்சத்தில் மனிதன் தன் தாய்மொழிக்குத் திரும்புகிறான் என்பதற்கு அக்காணொளி சான்று. அவன் திரும்பிச் செல்லும் இடத்திற்கு எச்சரிக்கையும் சென்றாக வேண்டும்.

விமானத்துறை சொல்லின் அருமை அறியாத துறையும் அன்று. 1977இல் டெனரிஃப் தீவில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்ட பின், 'டேக் ஆஃப்' என்னும் சொல்லைப் புறப்பாட்டு அனுமதி அளிக்கும்போதோ அதனை விலக்கும்போதோ அன்றி வேறிடத்தில் ஆளலாகாது என்று வரையறுத்தனர். விமானிக்கும் கட்டுப்பாட்டறைக்கும் இடையே ஒரு சொல்லுக்குக் கூட இத்துணைக் காவல். பயணியின் செவிக்குச் செல்லும் சொல்லுக்கோ, அது அவர் அறிந்த மொழியா என்னும் கேள்விகூட இல்லை.

செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் உழைக்கச் செல்வோர் பலர். அவர்களைப் பார்க்கச் செல்லும் தாய்தந்தையரும் உளர். இவர்கள் ஆங்கிலம் அறிந்தே விமானம் ஏற வேண்டுமென எவ்விதியும் இல்லை. நம் தளவானூர்க் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரத்தில் வடமொழிப் பாடலும் உண்டு. தமிழ்ப் பாடலும் உண்டு. வடமொழியில் நாடகம் யாத்த அரசனின் குடைவரையிலேயே இம்மண்ணின் மொழிக்கு ஓரிடம் கிடைத்தது. இம்மண்ணிலிருந்து எழும் விமானத்தில் கிடைக்கலாகாதா?

வழி அடைபட்டிருக்கவில்லை. 2018 டிசம்பரில் ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம், விமான நிலைய அறிவிப்புகள் முதலில் உள்ளூர் மொழியிலும் பின்னரே இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டுமெனப் பணித்தது. நிலையத்தில் ஏற்ற நெறி விமானத்துள் ஏன் நின்றுவிட வேண்டும்? ஸ்ரீலங்கன் நிறுவனம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் அறிவிக்கிறது. இங்கோ, காவிரியையும் திருவரங்கத்தையும் வானிலிருந்து சுட்டித் தமிழில் பேசிய விமானிகளின் காணொளிகள் பரவியபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் விமானியின் விருப்பத்தால் கிடைக்கும் இன்பம் வேறு. விதியால் கிடைக்க வேண்டிய காப்பு வேறு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. நெருக்கடியில் பணியாளர் பயின்ற ஒரே கட்டளைத் தொகுதியையே கூவ வேண்டும். மொழிகளைக் கலந்தால் குழப்பமே மிகும் என்பர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, தமிழகத்திலிருந்து புறப்படும் விமானங்களில் பாதுகாப்பு விளக்கம் தமிழிலும் ஒலித்தல். இருக்கைப் பையிலுள்ள அட்டையில் தமிழும் இடம்பெறல். 'பிரேஸ்' என்று கூவினால் குனிந்து தலையைக் காக்க வேண்டும் என்பதைத் தரையில் இருக்கும்போதே தமிழில் சொல்லிவிட்டால், அந்த ஆங்கிலச் சொல்லும் பின்னர்ப் பயன் தரும். ஒலிப்பதிவுக்கு ஆகும் நேரம் ஓரிரு நிமிடமே. இரண்டாவது, தமிழறிந்த பணியாளர் கூவுவதற்கெனச் சில தமிழ்க் கட்டளைகளை முன்னரே வகுத்துப் பயிற்றுவித்தல்.

அக்கட்டளைகள் எத்தகைய தமிழில் அமைய வேண்டும் என்பதில்தான் தமிழ் படித்தோருக்குப் பொறுப்பு உண்டு. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் இப்படித்தான் வரும்: "உங்கள் இருக்கைப் பட்டைகளை விடுவித்து, உடைமைகளைக் கைவிட்டு, அருகிலுள்ள அவசரகால வாயிலை நோக்கி உடனடியாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். அது வருமுன் புகை வந்துவிடும்.

நம் இலக்கணமோ இத்தருணத்தை முன்பே எண்ணியிருக்கிறது. விரைவு பற்றி அடுக்கி வரும் சொல்லை விரைசொல் என்று சுட்டி, அது மும்முறை வரை அடுக்கலாம் என எல்லையும் வகுக்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். வினைப்பகுதியே ஏவலாக நிற்பதும் தமிழின் இயல்பு. அதனினும் குறுகிய கட்டளை வேறில்லை. "குனி, குனி!" "பெல்ட்டைக் கழற்று!" "பையை விடு, பையை விடு!" "இப்படி வா, வா!" "குதி, குதி!" இவை போதும்.

'பெல்ட்' தமிழா என்று கேட்போர் இருக்கலாம். தனித்தமிழ்ச் சொல்லாக்கத்தில் நமக்கும் பற்றுண்டு. அதற்குரிய இடம் வகுப்பறையும் ஏடும். உயிர் காக்கும் நொடியில், கேட்பவர் அறிந்த சொல்லே நற்றமிழ். பெரியோரை 'வா, போ' எனலாமா என்று தயங்குவோரும் இருக்கலாம். வரப்பில் பாம்பைக் கண்ட பேரன் "தாத்தா, நகரு!" என்று கத்தினால் எந்தத் தாத்தாவும் மரியாதை குறைந்ததெனச் சினப்பதில்லை. நகர்ந்துவிடுகிறார்.

சொல் பொருள் விளங்கும் மொழியில் இருந்தால் உடல் தானே அசையும். விளக்குக்கு நான்கடிக் கணக்கும் பத்து நிமிடக் கணக்கும் வகுத்தவர்கள், செவிக்கும் ஒரு கணக்கு வகுக்கட்டும். தமிழ்த்துறைகளும் தமிழ் வளர்ச்சி நிறுவனங்களும் பணியாளருடன் அமர்ந்து, பத்துக்கும் மிகாத விரைசொற்களை வகுத்துத் தரட்டும். விழாக்களில் தமிழை வாழ்த்துவதைவிட, இது தமிழரை வாழவைக்கும் வேலை.