வயலுக்கு ஒரே ஷேடு வேண்டாம்

பனியன் கம்பெனிக்குள்ள ஒரு தடவை போயிருந்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பத்தாயிரம் பீஸும் ஒரே அளவு, ஒரே ஷேடு. கொஞ்சம் மாறினாலும் ரிஜெக்ட். திருப்பூர்ல வளர்ந்த எனக்கு 'குவாலிட்டி'ன்னா அதுதான். அந்தக் கணக்கு வயல்ல செல்லாதுன்னு காங்கேயம் பக்கம் எங்க அப்பிச்சி காட்டுலதான் புரிஞ்சுது.

போன ஐப்பசியில விடாத மழை. வெள்ளைச் சோளம் கதிரிலேயே பூசணம் புடிச்சுக் கறுத்துப் போச்சு. வரப்போரம் தானா முளைச்சிருந்த நாலு செஞ்சோளக் கதிர் மட்டும் பெருசாக் கெடல. "அது தொவர்ப்பு கண்ணு. மனுசனுக்கும் புடிக்காது, பூசணத்துக்கும் புடிக்காது"ன்னார் அப்பிச்சி.

அறிவியலும் அதையேதான் சொல்லுது. நிறமுள்ள சோள ரகங்கள் பலவற்றில் இருக்கும் டானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் பூசணத்தைத் தடுக்கும். கெட்டியான மணியும், காத்து புகுந்து சீக்கிரம் காயும் விரிந்த கதிரும் கைகொடுக்கும். இது ஒரே ஜீனோட வேலை இல்ல, பல ஜீன்களின் கூட்டு.

1964ல் இந்தியாவின் முதல் கலப்பினச் சோளமான சி.எஸ்.எச்.1 வந்தது. இப்படி வந்த ரகங்களில் விளைச்சல் அதிகம், வயசு குறைவு. ஆனா பழைய ரகங்கள் மழை ஓய்ந்தபின் முத்தும். இவை மழையிலேயே முத்திடும். பூசணத்துக்கு அது போதும். இது வெறும் நிறம் மாறும் பிரச்சினையும் இல்ல. 1995ல் தக்காணப் பகுதியில் மழையில் நனைஞ்சு பூசணம் புடிச்ச சோளமும் மக்காச்சோளமும் சாப்பிட்ட கிராமத்து மக்களுக்கு வயித்துவலியும் வயித்துப்போக்கும் வந்தது. காரணம், ஃபியூசேரியம் பூசணம் உண்டாக்கும் ஃபியூமோனிசின் நஞ்சு.

அதுக்காக 'பழசுக்கே திரும்புங்க'ன்னு விவசாயிகிட்ட சொல்ல எனக்கு உரிமை இல்ல. டானின் புரதச் செரிமானத்தைக் குறைக்கும். சந்தையில வெள்ளை மணியைத்தான் கேக்கறாங்க. நல்ல விளைச்சலோட எதிர்ப்புச் சக்தியையும் சேர்க்கறதுதான் வழி. அதுக்கு மூலம் பழைய விதைகள். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் இக்ரிசாட் 36,000க்கும் மேற்பட்ட சோள விதை மாதிரிகளைக் காத்து வைத்திருக்கு. நல்லதுதான். ஆனா குளிர் அறையில தூங்கும் விதை, மாறிக்கிட்டே இருக்கும் பூசணத்தை நேர்ல சந்திக்காது. மண்ணுலயும் அது கொஞ்சம் வளரணும்.

இதுல நமக்கென்ன வேலைன்னு கேப்பீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுல 'இலை நோய் கண்டறிதல்'னு பாதிப் பேர் எடுக்கறோமே, அந்த பிளாண்ட்வில்லேஜ் டேட்டாசெட்டைத் திறந்து பாருங்க. 14 பயிர் இருக்கு: ஆப்பிள், திராட்சை, தக்காளி, மக்காச்சோளம்... நம்ம சோளம் இல்ல. ஆப்பிள் இலையில நோய் கண்டுபிடிச்சு மார்க் வாங்கறோம். பல்லடம் தாண்டினா சோளக்காடு இருக்கு, கோயமுத்தூர்ல வேளாண் பல்கலைக்கழகம் இருக்கு. ஜூனியர்ஸ், அடுத்த ஐப்பசிக்கு போனை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போங்க. எந்த ரகம் கறுத்துச்சு, எது தாங்குச்சுன்னு படம் எடுத்துப் பதிவு பண்ணுங்க.

அப்பிச்சி இந்த வருஷம் அந்த நாலு கதிரையும் விதைக்கு எடுத்து வெச்சிருக்கார். கேக்கறவங்களுக்கு ஒரு கைப்பிடி தருவார்.