மேசை போட்டவருக்கே வெற்றி!

இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2025 ஆகஸ்டில் இரண்டே நாள்களில், விவாதம் என்று சொல்லத்தக்க எதுவுமின்றி நிறைவேற்றின. பணம் வைத்து ஆடும் எந்த இணைய விளையாட்டும், அது திறமை சார்ந்ததாயினும் அதிர்ஷ்டம் சார்ந்ததாயினும், கூடாது என்கிறது அச்சட்டம். நாட்டில் சுமார் 45 கோடி பேர் இத்தகைய ஆட்டங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 20,000 கோடியை இழக்கின்றனர் என்ற மதிப்பீட்டை அரசு அப்போது முன்வைத்தது.

இழந்த பணம் யாரிடம் போயிற்று என்பதுதான் கேள்வி. எதிரே அமர்ந்து ஆடியவரிடம் என்று எண்ணுவது இயல்பு. போக்கர் ஆட்டத்தைப் பொருத்தவரை அது பாதி உண்மைதான்.

ரம்மியைப் போலவே போக்கரிலும் நிறுவனம் ஆடுவதில்லை. மேசை மட்டும் போட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ஒரு பங்கை, பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அளவில், வென்றவர் கைக்குப் போகும் முன்பே எடுத்துக் கொள்கிறது. இதற்கு 'ரேக்' என்று பெயர். போட்டித் தொடர்களில் நுழைவுக் கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் தனியே உண்டு.

ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். ஆறு பேர் தலைக்கு ரூ. 1,000 வைத்து அமர்கிறார்கள். ஒரு சுற்றில் சராசரியாக ரூ. 200 சேர்ந்தால் நிறுவனத்தின் பங்கு ரூ. 10. சீட்டைக் கலைத்துப் போடும் வேலை கணினிக்கு என்பதால் மணிக்கு 60 சுற்றுகள் எளிதில் முடியும். அதாவது மணிக்கு ரூ. 600. இதே வேகத்தில் பத்து மணி நேரம் ஆடினால் மேசைக்கு வந்த ரூ. 6,000-மும் நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விடும். ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றால் ஆறு பேருமே தோற்றிருப்பார்கள். யாராவது ஒருவர் வென்று எழ வேண்டுமானால், வேறு யாராவது மீண்டும் மீண்டும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே, யார் வெல்கிறார் என்பது நிறுவனத்துக்குப் பொருட்டல்ல. எத்தனை சுற்று நடக்கிறது என்பதே பொருட்டு. ஒருவரே ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆட வசதி, சீட்டைக் கீழே வைத்த மறுகணமே புதிய மேசைக்கு மாற்றிவிடும் ஏற்பாடு, அதிகம் ஆடுவோருக்குத் தரகில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சலுகை என எல்லாமே அந்த ஒரே நோக்கத்துக்காகத்தான். தரகுக்கு உச்சவரம்பு வைப்பதால் பெரும் பணக்காரர் மேசையில் அதன் விகிதம் குறையும். சில நூறு ரூபாயோடு வருபவருக்குத்தான் அது முழுச் சுமை.

போக்கர் திறமை ஆட்டம் என்று வாதிட, ரம்மி குறித்த 1968-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே நிறுவனங்கள் ஆதாரமாகக் காட்டி வந்துள்ளன. செகந்திராபாதில் இருந்த ஒரு மனமகிழ் மன்றம் தொடர்பான சத்யநாராயணா வழக்கு அது. ரம்மியில் திறமைக்கே முக்கிய இடம் என்று நீதிமன்றம் கூறியது உண்மை. மன்றம் வசதிகளுக்காகச் சிறு கட்டணம் வாங்கியதையும் அது குற்றமாகக் கருதவில்லை. ஆனால், இடத்தை நடத்துபவர் பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்தே லாபம் ஈட்டினால் குற்றமாகலாம் என்ற எச்சரிக்கையும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்த வரியை மட்டும் நிறுவனங்கள் வசதியாக மறந்துவிட்டன. போக்கர் சூதாட்டமே என்று 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றமும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறின. திறமையா, அதிர்ஷ்டமா என்பதிலேயே வாதம் சுழன்றதில் தரகுக் கணக்கு பின்னுக்குப் போய்விட்டது.

மத்திய அரசின் நடத்தையும் பாராட்டும்படி இல்லை. நிறுவனங்களின் தரகுக்கு மட்டும் 18% வரி என்றிருந்த நடைமுறை, 2023 அக்டோபரில் ஆட்டக்காரர் கட்டும் முழுத் தொகைக்கும் 28% ஜிஎஸ்டி என்று மாறியது. பின்னர் தடை செய்யத்தக்க சமூகக் கேடு என்று தானே முடிவு செய்த ஒன்றில், நிறுவனத்தைவிடப் பெரிய பங்காளியாக இரண்டு ஆண்டுகள் இருந்தது அரசு.

சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக் கொண்டது. திறமை வாதம் அங்கும் வைக்கப்படுமாயின், அரசு ஒரு காரியம் செய்யலாம். வெற்றித் தொகைக்கு 30% வருமான வரி பிடித்தம் செய்வதற்காக, 2023 ஏப்ரல் முதல் ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஆண்டு நிகர வரவையும் நிறுவனங்கள் கணக்கிட வேண்டியிருந்தது. எனவே எத்தனை பேர் கட்டியதைவிடக் கூடுதலாக எடுத்தார்கள், எத்தனை பேர் இழந்தார்கள், தரகாக எவ்வளவு போயிற்று என்பவற்றுக்கான விவரங்கள் அந்நிறுவனங்களின் ஏடுகளில் இருந்தாக வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டு, மொத்தத் தொகைகளை மட்டும் கேட்டுப் பெற்று நீதிமன்றத்தின் முன் வைக்க வருமான வரித் துறையால் முடியும்.