உறவு வேறு, உணவு வேறு

வெயில்காலத்தில் வெறும் புல்லைப் போலக் கிடந்த பாத்தியில், நல்ல மழை பெய்த சில நாள்களுக்குள் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறப் பூக்கள் தலைகாட்டும். அதுவே மழை அல்லி. நீங்கள் வாழும் நகரின் பூங்காவிலும் இதனைக் கண்டிருக்கலாம்.

பெயரில் அல்லி இருப்பினும், இது குளத்து அல்லிக்கு உறவன்று, வெங்காயத்திற்கே உறவு. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இப்பேரினத்திற்கு 1821ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்பர்ட் என்பவர் 'செஃபிராந்தஸ்' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் மேலைக்காற்றின் மலர் என்பது அதன் பொருள். மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கோடை என்பது தமிழ் வழக்கு.

வெங்காயமும் மழை அல்லியும் அமரில்லிடேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிற்கும் மண்ணுக்குள் செதில் செதிலான குமிழம் உண்டு. பூவில் ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத் தாள்களும் உண்டு. ஆயினும், வெங்காயத் தாள் உள்ளே குழல் போன்றது. மழை அல்லியின் இலை அவ்வாறன்று. வெங்காயத் தண்டின் நுனியில் சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். மழை அல்லியில் ஒரு தண்டிற்கு ஒரு பூவே. வெங்காயத்தின் நெடியும் இதற்கு இல்லை.

இவ்வேறுபாடுகளை அறிவது ஏன் இன்றியமையாதது? மழை அல்லியின் குமிழத்தில் லைகோரின் முதலிய நச்சுப்பொருள்கள் உள்ளன. சின்ன வெங்காயம் என எண்ணி அதனை உண்டால் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும்.

"அப்படியாயின், இச்செடியைப் பள்ளித் தோட்டத்திலிருந்து நீக்கிவிடலாமே!" என்று சிலர் கூறலாம். அது சரியான தீர்வாகாது என்பதே என் கருத்து. அரளியும் நச்சுச்செடியே, எனினும் அது சாலையோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூத்து நிற்கிறது. கண்ணில் படும் நச்சுச்செடிகளையெல்லாம் நம்மால் அகற்ற இயலாது. அவற்றை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள இயலும். அதற்குப் பள்ளித் தோட்டத்தைவிடச் சிறந்த இடம் எது?

ஆகவே, மாணவர்களே, மழை அல்லிக்குத் தனிப் பாத்தி அமையுங்கள். காய்கறிப் பாத்திக்கு அருகில் அதனை நடாதீர்கள். தமிழிலும் இந்தியிலும் உங்கள் மாநில மொழியிலும் பெயர்ப்பலகை எழுதி, 'உண்ணத்தகாதது' என்பதையும் அதில் சேருங்கள். பூ உதிர்ந்த பின்னும் குமிழம் மண்ணுக்குள் இருக்கும். எனவே பலகையை அகற்றாதீர்கள்.