அடிக்கல் நாட்டும் முன் சிந்திப்பீர்!

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கு வாரி வழங்கும் பெரியோர்களே! கட்டட வரைபடத்தை விரித்துப் பார்த்ததுண்டா? காது கேளாத பிள்ளைக்கும் பார்வையற்ற பிள்ளைக்கும் அதில் இடம் உண்டா?

பாளையங்கோட்டையில் இவ்விரு பிள்ளைகளுக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் தனித்தனியே இயங்குகின்றன. இருவரின் தேவையும் ஒன்றல்ல. காது கேளாதவருக்குக் கண்ணே காது. வகுப்பில் நல்ல வெளிச்சம் வேண்டும்; ஒருவர் கையசைவு மற்றவருக்குத் தெரியும்படி இருக்கைகள் அரைவட்டமாக அமைய வேண்டும்; மணி அடிக்கும்போது விளக்கும் மின்ன வேண்டும். பார்வையற்றவருக்கோ நேரான வழி வேண்டும். நடுவழியில் தூண் கூடாது. நடைபாதைப் பக்கம் திறக்கும் சன்னல் கதவு கூடாது. காலால் உணரும் தரைக்கல்லும், கைக்கெட்டும் உயரத்தில் பிரெயில் பலகையும் வேண்டும். கட்டி முடித்தபின் இடித்துச் செய்வது வீண்செலவு அல்லவா?

இது சலுகை அல்ல, உரிமை! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 44-ஆம் பிரிவில், அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத் திட்டத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? நகராட்சியில் அனுமதி கோரும்போதே இப்பிரிவைச் சுட்டிக் கேளுங்கள். அதற்கும் முன்பாக, காது கேளாதோர் ஒருவரையும் பார்வையற்றோர் ஒருவரையும் அழைத்து வரைபடத்தை விளக்குங்கள். அவர்கள் சொல்வதைப் பொறியாளர் குறித்துக் கொள்ளட்டும். கல்வெட்டில் நம் பெயர் பிறகு ஏறட்டும். முதலில் அந்தப் பிள்ளைகள் தடையின்றிப் படியேறட்டும்!