நன்மாறனுக்கு லைக், ஓட்டு யாருக்கு?

என். நன்மாறனை ஞாபகம் இருக்கா? மதுரை கிழக்குத் தொகுதியில் 2001, 2006 என இரண்டு முறை ஜெயித்த மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. சிரிக்கச் சிரிக்கப் பேசுவதால் 'மேடைக் கலைவாணர்' என்று பெயர். பத்து வருஷம் பதவியில் இருந்தவர், 2021-இல் கலெக்டர் ஆபீஸுக்குப் போய், குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்று மனு கொடுத்தார். அதே வருஷம் அக்டோபரில் காலமானார்.

செய்தி வந்ததும் பலர் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். "இப்படியும் ஒரு எம்.எல்.ஏ.வா!"

அந்த ஆச்சரியம்தான் எனக்கு உறுத்துது. நேர்மை நமக்கு அதிசயமாத் தெரியுதுன்னா, மத்தவங்ககிட்ட அதை எதிர்பார்க்கிறதையே விட்டுட்டோம்னுதானே அர்த்தம்?

கை சுத்தம் மட்டும் போதாது, சரிதான். தொகுதிக்கு என்ன செய்தார், சட்டமன்றத்தில் என்ன கேட்டார் என்பதும் முக்கியம். ஆனால் முதல் கேள்வியையாவது கேட்கலாமே. வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு எல்லாம் அவரே தரும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கு. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். செமஸ்டர் ரிசல்ட் பார்க்கிற அதே போன் போதும். ஓட்டுப் போடும் முன் உங்க தொகுதி வேட்பாளர்களுடையதைப் படிங்க. லைக் போடுறதை அப்புறம் பார்த்துக்கலாம்.