அகற்றிய மரம் ஊருக்கே பலகையாகட்டும்: சென்னை நகர மரங்கள் பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் நிலைப்பாடு

ஒன்று: சென்னையில் நிற்கும் மரம் நிற்கவே வேண்டும்.

இரண்டு: புயலோ நோயோ தவிர்க்கவே முடியாத பொதுப்பணியோ ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டால், அதன் அடிமரம் விறகாகவும் குப்பையாகவும் போகக் கூடாது. அது இந்த ஊரின் பள்ளிக்கும் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் பலகையாக வந்து சேர வேண்டும்.

மூன்று: அந்தக் கட்டையில் கிடைக்கும் ஒரு ரூபாய்கூட மரத்தை அகற்றக் கேட்டவருக்கோ, அனுமதி தந்தவருக்கோ, வெட்டிய ஒப்பந்ததாரருக்கோ சேரக் கூடாது.

இந்த மூன்றும் சேர்ந்ததே எங்கள் நிலைப்பாடு. மூன்றாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் நடைமுறைப்படுத்தும் எந்தத் திட்டத்தையும் நாங்கள் எதிர்ப்போம். தச்சர்கள், மர ஆர்வலர்கள், மரவாடி நடத்துவோர், கட்டடக் கலைஞர்கள், தாவரவியல் ஆசிரியர்கள் ஆகியோர் கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

இப்போது நடப்பது என்ன

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெருங்கொன்றை, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி என்று நம் சாலைகளுக்கு நிழல் தந்த பெருமரங்கள் அவற்றில் நிறைய. சாலையைத் திறப்பதுதான் அன்றைய அவசரம். ஆம்புலன்ஸ் போக வேண்டும், மின்கம்பிகளை மீட்க வேண்டும். ஊழியர்கள் இரவு பகலாக உழைத்து அதைச் செய்தார்கள். அந்த உழைப்பை மதிக்கிறோம்.

ஆனால் அந்த முதல் அறுப்பிலேயே பலகை கைவிட்டுப் போய்விடுகிறது. இருவர் தூக்கி லாரியில் ஏற்றும் அளவுக்கு, இரண்டடி மூன்றடித் துண்டுகளாக அடிமரத்தை அறுத்துவிட்டால் அதிலிருந்து மேசைக்கோ பெஞ்சுக்கோ பலகை எடுக்க முடியாது. எட்டடி நீளம் விட்டு அறுத்திருந்தால் நல்ல மரம். இரண்டடியில் அறுத்தால் விறகு. மரத்தின் தரம் இரண்டிலும் ஒன்றேதான். அறுப்பவருக்கு யாரும் அளவு சொல்லவில்லை, எட்டடிக் கட்டையைக் கொண்டுபோய் இறக்க இடமும் இல்லை என்பதே காரணம்.

புயல் இல்லாத நாட்களிலும் மரங்கள் அகற்றப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சாலை அகலமாகிறது, மழைநீர் வடிகால் வருகிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் நூறு கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு நகரை ஊடுருவிச் செல்கிறது. பொது நிலத்து மரங்களை வெட்டக் கோரும் விண்ணப்பங்களை மாவட்டப் பசுமைக் குழு பரிசீலிக்கிறது. அகற்றும் மரத்துக்கு ஈடாகக் கன்று நடுவது பற்றி நிறையப் பேசுகிறோம். சாய்ந்த மரம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. நல்ல அடிமரமும் கிளைகளும் ஒரே குவியலாகக் கிடக்கும்போது, வாங்க வருபவர் விறகு விலைதான் கேட்பார்.

இன்னொரு பக்கம், நியூசிலாந்துப் பைனும் ஆப்பிரிக்கத் தேக்கும் கப்பலேறி வந்து நம் மரவாடிகளில் இறங்குகின்றன. பள்ளிக்கூடத்து மேசை, மழைத்தண்ணீர் பட்டால் உப்பிப்போகும் துகள்பலகையில் வருகிறது. எழுபது ஆண்டு நம் தெருவில் வளர்ந்த மரம் அடுப்புக்குப் போக, கடல் தாண்டி வந்த மரத்தில் நாம் நாற்காலி செய்கிறோம்.

நம் சாலை மரங்கள் தருவது

சாலை மரம் என்றால் வேலைக்கு ஆகாது என்ற எண்ணம் தவறு. எந்த மரம் எதற்கு என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூங்குமூஞ்சியின் வைரம் நல்ல பழுப்பு நிறம். கோடுகள் அழகாக ஓடும். ஒரே பலகையில் ஒரு மேசை போடும் அளவுக்கு அகலம் கிடைக்கும். காயும்போது அதிகம் சுருங்காத மரம் அது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தைக் கடைந்து செய்யும் கிண்ணங்கள் உலகப் புகழ் பெற்றவை. பூவரசு அடர்த்தியான, ஆழ்ந்த நிறமுள்ள கட்டை; கடைசலுக்கும் சிறு மரச்சாமான்களுக்கும் ஏற்றது. வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது. கதவு, அலமாரி என்று நம் வீடுகளில் தலைமுறைகளாக உழைத்த மரம். மாமரப் பலகை விலை குறைந்த கதவுக்கும் பெட்டிக்கும் ஆகும். மகோகனியின் தரத்தைத் தச்சர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மயில்கொன்றை மென்மையான மரம், சீக்கிரம் உளுத்துப்போகும். அதில் பலகை எடுக்கச் சொல்ல மாட்டோம். அதைச் சில்லுகளாக்கிப் பூங்கா மரங்களின் அடியில் மூடாக்காகப் பரப்பலாம். எந்த மரமானாலும் நேரான கிளைகள் கன்றுகளுக்கு ஊன்றுகோலாகவும் கூண்டாகவும் நிற்கலாம். இலையும் சுள்ளியும் உரமாகலாம். சந்தனம் போன்றவற்றுக்குத் தனிச் சட்ட விதிகள் உள்ளன. அவை இந்த அறிக்கையின் எல்லைக்குள் வரவில்லை.

காலநிலைக் கணக்கும் இதில் உண்டு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம். ஒரு கன மீட்டர், அதாவது சுமார் 35 கன அடி தூங்குமூஞ்சிப் பலகை காய்ந்த நிலையில் அரை டன்னுக்குக் குறையாது. அதை எரித்தால் சுமார் 900 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். அதே பலகை வகுப்பறை மேசையாக முப்பது ஆண்டு நின்றால், அத்தனை கரிமமும் முப்பது ஆண்டு மேசைக்குள்ளேயே இருக்கும். உயிரோடு நிற்கும் மரமோ இதைச் செய்துகொண்டே நிழலும் தரும், தெருவையும் குளிர்விக்கும். எந்த மேசையும் அதற்கு ஈடாகாது. ஆகவே இந்தக் கணக்கை மரம் வெட்டுவதற்கான நியாயமாக யாரும் எடுத்துக்கொள்ள அனுமதிக்க மாட்டோம்.

செய்து காட்டிய ஊர்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி, கேம்ப் ஸ்மால் என்னும் தன் மரக்கிடங்கில் 2016 முதல், நகரில் அகற்றும் மரங்களைத் தரம் பிரித்துப் பலகைக்கும் மூடாக்குக்கும் அனுப்புகிறது. மிச்சிகன் மாநிலத்தில் 2002இல் கண்டறியப்பட்ட துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அங்குள்ள ஆன் ஆர்பர் ஊரில் 2008இல் திறந்த டிராவர்வுட் கிளை நூலகத்தின் தரையும் தூண்களும், அந்த மனையிலேயே பட்டுப்போன ஆஷ் மரங்களிலிருந்து வந்தவை. நம்மைப் போலவே தூங்குமூஞ்சி நிழலில் வாழும் சிங்கப்பூரில், அகற்றிய சாலை மரங்களை மரச்சாமான்களாக்கும் பட்டறைகள் இயங்குகின்றன. தொடங்குவதற்கு முதலில் தேவைப்படுவது இவ்வளவுதான்: கட்டையை இறக்கி வைக்க ஓர் இடமும், அதைப் பார்த்துத் தரம் சொல்ல ஓர் ஆளும்.

எழும் கேள்விகளுக்கு எங்கள் பதில்

*கட்டைக்கு விலை வந்தால், வெட்டுவது அதிகரிக்காதா?*

இந்தக் கேள்வியை மிகவும் கவலையோடு எங்களுக்குள் விவாதித்தோம். இது உண்மையான ஆபத்து. விறகு விலைக்கே மரத்தின் மேல் கண் வைக்கிறவர்கள் இருக்கும் ஊரில், பலகை விலை வந்தால் கோடரி இன்னும் வேகமாக இறங்கும். அதனால்தான் வெட்டும் முடிவையும் கட்டையின் வருமானத்தையும் முற்றிலும் பிரிக்கச் சொல்கிறோம். கட்டைக்கு என்ன விலை வரும் என்பது அகற்றும் விண்ணப்பத்தில் இடம்பெறவே கூடாது. விற்பனைத் தொகை முழுவதும் நிற்கும் மரங்களைப் பராமரிக்கும் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். தூரைச் சுற்றி நெரிக்கும் சிமெண்டை உடைத்து வேருக்கு மூச்சு விடுவது, முறையாகக் கவாத்து செய்வது, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கட்டும். ஒரு வார்டில் அகற்றும் மரங்களின் எண்ணிக்கை தக்க காரணம் இல்லாமல் கூடினால், அங்கே திட்டத்தை நிறுத்திவிட்டு விசாரிக்க வேண்டும்.

*ஆணி நிறைந்த மரத்தை எந்த மில்லில் அறுப்பார்கள்?*

விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, கேபிள் கட்டிய கம்பி, சீரியல் விளக்குக் கொக்கி என்று நம் சாலை மரங்களின் உடம்பெல்லாம் இரும்புதான். ஓர் ஆணி பேண்ட் சா பிளேடைத் தெறிக்கவிடும், அறுப்பவரையும் காயப்படுத்தும். மில்காரர்களின் தயக்கம் நியாயமானது. கையடக்க உலோகக் கருவியால் கட்டையைச் சோதித்து ஆணியைப் பிடுங்கிய பிறகே மில்லுக்கு அனுப்ப வேண்டும். மரத்தில் ஆணி அடிப்பதைத் தடுக்கவும் இது இன்னொரு காரணமாகிறது.

*வண்டு அரிக்காதா, பலகை முறுக்கிக்கொள்ளாதா?*

அவசரப்பட்டால் இரண்டும் நடக்கும். வெட்டியவுடன் இரு முனைகளிலும் பெயிண்டோ மெழுகோ பூச வேண்டும். இல்லையென்றால் வெடிப்பு ஓடிவிடும். அறுத்த பலகைகளை நிழலில், பலகைக்குப் பலகை ரீப்பர் வைத்துக் காற்றோட அடுக்க வேண்டும். பச்சைப் பலகையில் சாமான் செய்து விற்றால் ஆறே மாதத்தில் இந்த முயற்சியின் பெயர் கெட்டுவிடும். தூங்குமூஞ்சியின் வெளிப்புற வெள்ளைக் கட்டையில் மரத்தைத் தூளாக்கும் வண்டு விழும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தினால் தடுக்கலாம். காயவைப்பதற்கு ஐஎஸ் 1141, மரப் பாதுகாப்புக்கு ஐஎஸ் 401 என்று இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. பெங்களூருவில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியும் இருக்கின்றன. அறிவுக்குப் பஞ்சமில்லை, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

*செலவு கட்டுமா?*

எல்லா மரத்துக்கும் கட்டாது. ஒல்லிக் கட்டையையும் உள்ளீடற்றுப்போன தூரையும் பலகையாக்க முயல்வது வீண். ஆனால் இன்று அந்தக் கட்டையைத் துண்டுபோடவும், லாரியில் ஏற்றவும், குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொட்டவும் பொதுப்பணம் செலவாகத்தான் செய்கிறது. அந்தச் செலவையும், பள்ளிகளுக்கு மேசை வாங்கும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்து முடிவெடுக்கக் கோருகிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

பெருநகர சென்னை மாநகராட்சியிடமும் தமிழ்நாடு அரசிடமும் நாங்கள் கேட்பவை:

1. கட்டை வருமானத்துக்குத் தனிக் கணக்கு. வரவும் செலவும் ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

2. அகற்றும் ஒவ்வொரு மரத்துக்கும் பதிவு: இனம், சுற்றளவு, இடம், அகற்றிய காரணம், கட்டை போய்ச் சேர்ந்த இடம். 200 வார்டுகளின் பதிவும் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

3. அறுப்பு விதி. மூன்றடிக்கு மேல் சுற்றளவுள்ள நல்ல அடிமரத்தை, உயிருக்கும் போக்குவரத்துக்கும் ஆபத்து இல்லாத இடங்களில், எட்டடிக்குக் குறையாமல் அறுக்க வேண்டும். மெட்ரோ, நெடுஞ்சாலை, வடிகால் பணிகளின் ஒப்பந்தங்களிலும் இந்த விதி இடம்பெற வேண்டும்.

4. வடசென்னையில் ஒன்று, தென்சென்னையில் ஒன்று என இரண்டு மரக்கிடங்குகள். கூரை, எடை மேடை, இடம்விட்டு இடம் கொண்டுசெல்லும் அறுப்பு இயந்திரம், தரம் பிரிக்கத் தெரிந்த தச்சர் ஆகியவை போதும் தொடங்குவதற்கு.

5. முதல் உரிமை பொதுப் பயன்பாட்டுக்கு. மாநகராட்சிப் பள்ளி, அங்கன்வாடி, நூலகம், பூங்கா ஆகியவற்றின் கொள்முதல் விதிகளில் பதப்படுத்திய உள்ளூர் மரத்துக்கு இடம் தர வேண்டும். மிஞ்சியதை இனம் பிரித்து, சிறு பட்டறைகளும் வாங்கக்கூடிய சிறு அளவுகளில் ஏலம் விட வேண்டும்.

6. வேலை நம் தச்சர்களுக்கு. ஆயத்தச் சாமான்கள் வந்தபின் வேலை குறைந்த பட்டறைகளுக்கும், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் இந்தப் பலகை போய்ச் சேர வேண்டும்.

7. புயல் ஏற்பாடு. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, சாய்ந்த மரங்களைத் தற்காலிகமாக இறக்கும் மைதானங்களை வட்டாரம் வட்டாரமாக அறிவிக்க வேண்டும்.

8. எடுக்கக் கூடாத இடங்கள். கிண்டி தேசியப் பூங்கா, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், அடையாறு முகத்துவாரம் போன்ற இயற்கை வாழிடங்களில் பட்டமரம் ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் வீடு. மக்கினால் மண்ணுக்கு உணவு. அதை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

எங்கள் பொறுப்பு

கோரிக்கை வைப்பதோடு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள மாட்டோம். நகர மரங்களை இனம் காணவும், எது பலகைக்கு ஆகும் என்று தீர்மானிக்கவும் உதவும் கையேட்டைத் தமிழில் தயாரித்து, மாநகராட்சியின் மரம் அறுக்கும் ஊழியர்களுக்கு இலவசமாகத் தருவோம். எங்கள் தச்சர்கள் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்கும் பயிற்சிக்கும் முறைவைத்து வருவார்கள். எங்கள் உறுப்பினர்களின் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு நகர மரமும் உரிய ஆவணத்தோடு மட்டுமே வரும். ஆவணமில்லாத கட்டையை எந்த விலைக்கும் வாங்க மாட்டோம். இதை மீறுபவர் எங்கள் அமைப்பில் நீடிக்க முடியாது.

மரத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்கும் போராட்டங்களில் நாங்கள் முன்போலவே நிற்போம். கிடங்கு வந்த பிறகும் பசுமைக் குழுவின் முன் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முதல் கேள்வியாக, இந்த மரத்தை விட்டுவைக்க வழி இல்லையா என்றே கேட்போம்.

முதல் கட்டமாக, வரும் பருவமழைக்கு முன் ஒரு கிடங்கைச் சோதனை முறையில் தொடங்க மாநகராட்சியை வலியுறுத்துகிறோம். அங்கு வரும் முதல் பலகைகள் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் வகுப்பறைக்குப் போகட்டும். வேலை, செலவு, வருமானம் ஆகியவற்றின் கணக்கை ஓராண்டு முடிவில் மக்கள் முன் வைப்போம். அந்தக் கணக்கைப் பார்த்து, திட்டத்தை விரிப்பதா திருத்துவதா என்பதைச் சென்னை மக்களே சொல்லட்டும்.